ஒப்பாரிக் கோச்சியில் போனவர்கள் அகதிகளா?

'இடம்பெயர்வு' என்று சொன்னவுடன் நமக்கு முன்னால் வந்து நிற்கும் படங்கள் சில இருக்கின்றன. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வரிசை வரிசையாக நின்ற கூடாரங்கள். 1995இல் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த இலட்சக்கணக்கான சனம். 1990இல் உடுத்த துணியோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள். இந்தப் படங்கள் எதிலும் கண்டி இல்லை. கண்டி என்றால் பெரஹெர, வாவி, பேராதனைப் பூங்கா. மிஞ்சினால் தேயிலை.

ஆனால் 1960களின் கடைசியிலிருந்து 1984 வரை தெற்காசியாவின் மிகப் பெரிய கட்டாய இடப்பெயர்வுகளில் ஒன்று இந்த ஊர் வழியாகத்தான் நடந்தது. அதற்கான மனுக்கள் கண்டியில் வாங்கப்பட்டன. கடவுச்சீட்டுகள் கண்டியில் கொடுக்கப்பட்டன. போனவர்கள் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மாத்தளையிலும் ரயில் ஏறி, பேராதனைச் சந்தி தாண்டி, கடுகண்ணாவ இறக்கத்தில் இறங்கி, தலைமன்னார் போய்ச் சேர்ந்தார்கள். மலையகத்தில் ரயிலுக்குப் பெயர் கோச்சி. அந்த ரயிலுக்கு மட்டும் சனங்கள் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி. ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். சாவு வீட்டில்தானே ஒப்பாரி வைப்போம்? உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி வைத்த ரயில் அது.

அரச கடதாசிகள் அவர்களை அகதிகள் என்று எழுதவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதின. இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நாங்கள் பேச நினைக்கிறோம். ஒருவருக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதை வைத்துத்தான் அவருக்கு என்ன உதவி போகும் என்பதும் முடிவாகிறது. நமது தாத்தா பாட்டிமாரின் கதையில் பெயரும் பிழையாக வைக்கப்பட்டது. அதனால் உதவியும் பிழையான வாசலில் போய் நின்றது.

வந்த வழி

கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் 1823இல் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். பெருந்தோட்டக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் இராமநாதபுரக் கரைக்கு வந்து, கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த 200 வருடத்தை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அதே தோட்டங்கள் இன்னொரு சனத்தையும் நெருக்கின. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிய விவசாயிகள் பொதுவாகப் பயன்படுத்தி வந்த காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் கையில் கொடுத்தது. அரசு அதைத் துரைமாருக்கு விற்றது. தோட்டம் வந்ததால் நிலத்தை இழந்தது சிங்களக் கிராமம். அந்தத் தோட்டத்தில் உழைத்தது தமிழ் லயம். இரண்டு பேருக்கும் இடையிலிருந்த கணக்கை வெள்ளைக்காரன் தீர்க்காமலே போய்விட்டான். பிறகு வந்த அரசியல்வாதிகள் அந்தக் கணக்கை லயத்து மக்களின் தலையில் எழுதினார்கள். இதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொன்னால் கதை பாதிதான்.

ஊரை விட்டு நகராமலே வெளியேற்றம்

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று நிரூபி, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்றது சட்டம். லயத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியா பிறப்புச் சான்றிதழ் எழுதித் தந்தாள்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று வேறொரு சட்டம் வந்தது. அதன் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போடப்பட்டது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. ஓட்டுரிமையும் போனது. 1952 தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

இடப்பெயர்வைப் பற்றிப் படிக்கும்போது நாம் வழக்கமாக ஆள் நகர்ந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம். மலையகத்தில் ஆள் நகரவில்லை. அதே லயம், அதே பீலித் தண்ணீர், அதே கொழுந்துக் கூடை. நகர்ந்தது சட்டம். காலையில் எழும்பிப் பிரட்டுக்குப் போன மனுசன், தான் நிற்கும் மண்ணிலேயே நாடில்லாதவன் ஆனான். 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் அதன் பிறகுதான் இன்னும் துணிச்சலாக வாயில் வந்தது. ரயிலும் கப்பலும் வந்தது பதினைந்து இருபது வருடம் கழித்து. ஆனால் வெளியேற்றம் தொடங்கிய நாள் 1948இல் இருக்கிறது.

ஏழுக்கு நாலு

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 975,000 பேர் என்று கணக்கு. 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம், எல்லாம் 15 வருடத்தில் முடிய வேண்டும். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள்.

அந்த எண்களைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு எண்ணும் யாரும் கேட்டு வந்தது இல்லை. தோட்டம் தோட்டமாகப் போய் 'நீங்க எங்க இருக்க விரும்புறீங்க?' என்று கேட்டு எழுதிய கணக்கு இல்லை. முதலில் எண், பிறகுதான் மனுசர். பிறகு மனுக் கோரியபோது என்ன நடந்தது? இந்தியாவுக்கென்று விண்ணப்பித்தவர்கள் ஒப்பந்தத்தில் போட்ட 525,000ஐ எட்டவில்லை. இலங்கையைக் கேட்டவர்களோ 300,000ஐ எங்கோ தாண்டிப் போனார்கள். சனம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. அரசுகள் அந்தப் பதிலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 525க்கு 300 என்பது 7க்கு 4. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விகிதத்தில்தான் வேலை நடந்தது. 1967இன் நடைமுறைச் சட்டத்தில் இந்தியக் குடியுரிமை பதிவானாலே அந்தக் கணக்கு சரி. 1970க்குப் பிறகு வந்த அரசாங்கம் அதையும் மாற்றியது. ஆள் நிஜமாகவே கப்பல் ஏறியிருக்க வேண்டும். அதாவது, ஒரு லயத்தில் நாலு பேர் இந்த நாட்டுக்காரர் ஆவதற்கு ஏழு பேர் கிளம்பிப் போக வேண்டும். இருக்கிறவனின் உரிமையைப் போகிறவனின் பெட்டியில் கட்டிவைத்த கணக்கு இது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த துறைமுகம் அது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது.

விரும்பித்தானே போனார்கள்?

இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும். 'மனுப் போட்டாங்க, கையெழுத்து வச்சாங்க, பிறகு என்ன கட்டாயம்?'

1970களின் கண்டியைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியாருக்கு 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. கண்டி, மாத்தளை பக்கம் உள்நாட்டு முதலாளிமாரின் நடுத்தரத் தோட்டங்கள் நிறைய. அவை துண்டாடப்பட்டுக் கிராமத்தாருக்கும் புதிய அரச அமைப்புகளுக்கும் போனபோது, தலைமுறையாக அங்கே உழைத்தவர்களுக்கு ஒரு துண்டும் இல்லை. அவர்கள் பிரஜைகள் இல்லையே! பல தோட்டங்களில் வேலை நின்றது, பேர் வெட்டப்பட்டது, சில இடங்களில் லயத்தை விட்டே துரத்தினார்கள். அதே காலத்தில் பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தன. 1973, 1974இல் மலையகத்தில் பட்டினி. 1974இல் தோட்டப்புறத்தின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்டித் தெருக்களில் கைக்குழந்தையோடு பிச்சைக்கு உட்கார்ந்த தோட்டத்துப் பெண்களைப் பற்றி அந்தக் காலத்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

அந்த நிலையில் ஒரு மனுசன் கண்டிக்கு வந்து, இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் வரிசையில் நின்று மனுப் போட்டால், அது விருப்பமா? துப்பாக்கியைக் காட்டினால்தான் கட்டாயம் என்று நினைக்கிறவர்கள் பசியை ஒருமுறை பட்டுப் பார்க்கட்டும். இருக்க முடியாத நிலையை முதலில் உண்டாக்கி, பிறகு 'போக விருப்பமா?' என்று கேட்டால், அந்தக் கேள்வியிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறது.

கையெழுத்து ஒரு வீட்டுக்கு ஒன்றாகவும் இருக்கவில்லை. மூத்தவன் கலியாணம் கட்டித் தனி மனுப் போட்டிருப்பான். அவனுக்கு இந்தியா. தாய் தகப்பனுக்கு சிலோன். அக்காவின் மாப்பிள்ளைக்குப் பதில் வரவே இல்லை. ஒரே அடுப்பில் கஞ்சி குடித்தவர்கள் மூன்று பட்டியலில். அதுதான் மேடையில் ஒப்பாரியாக வெளியே வந்தது.

அந்தக் கரையில் காத்திருந்த உதவி

கண்டியில் கடவுச்சீட்டோடு ஒரு குடும்ப அட்டையும் கொடுத்தார்கள். எந்த மாவட்டம், எந்தத் திட்டம் என்று அதில் எழுதியிருக்கும். தேயிலைத் தோட்ட வேலையா, நூற்பாலை வேலையா, சிறு தொழிலுக்குக் கடனா? ஆக, இந்தியா எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. உதவித் திட்டம் இருந்தது, பணமும் ஒதுக்கப்பட்டது. நீலகிரியில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களைப் போட்டது, அதுதான் இன்றைய டான்டீ. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் சென்னையில் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. கேரளத்தின் புனலூர்ப் பக்கமும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு பகுதியினர் குடியேற்றப்பட்டார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றைக்கும் நம்ம ஊர்ப் பேச்சு கேட்கும். அங்கே படித்து மேலே வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிழை எங்கே என்றால், அந்தத் திட்டம் ஆட்களை எண்ணியது, ஆட்களைக் கேட்கவில்லை. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தின் கையில் தொழில் கடனைக் கொடுத்துச் சமவெளியில் கடை வை என்றார்கள். யாரிடம் வாங்கி யாரிடம் விற்பது, எந்தத் தரகன் ஏமாற்றுவான் என்று ஒன்றும் தெரியாத ஊர். கடன் காசு சில மாதத்தில் கரைந்தது. குளிர்மலையில் வளர்ந்த உடம்பு வெயிலில் வாடியது. திரும்ப மலையைத் தேடிப் போனவர்கள் பலர். அப்படிக் கொடைக்கானல் மலைக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் மரப்பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டது 1980களில் வெளியே தெரியவந்தது. இங்கே 'கள்ளத்தோணி', அங்கே 'சிலோன்காரன்'. 'தாயகம் திரும்பியவர்' என்று அரசு எழுதிய ஆளை அந்தத் தாயகத்தில் பக்கத்து வீட்டுக்காரன் அப்படிக் கூப்பிடவே இல்லை.

பெயர் செய்த வேலை இதுதான். அகதி என்றால் அடைக்கலம், பாதுகாப்பு, திரும்பிப் போகும் உரிமை என்று பேச வேண்டிவரும். 'தாயகம் திரும்பியவர்' என்று எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது. வீட்டுக்குத்தானே வந்திருக்கிறார்! கடன் கொடு, கோப்பை மூடு.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1923இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓர்த்தடோக்ஸ் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், நாலு இலட்சம் அளவில் முஸ்லிம்கள் மறுபக்கம். கிரேத்தா தீவில் கிரேக்க மொழி மட்டுமே பேசிய முஸ்லிம் குடும்பம், பார்த்தே இராத 'தாயகமான' துருக்கிக்கு அனுப்பப்பட்டது. இரண்டு அரசுகளும் கைகுலுக்கிக்கொண்டால் வெளியேற்றம் தீர்வு ஆகிவிடும், போகிறவர்களும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகமாட்டார்கள் என்ற பழக்கம் அங்கே சட்ட வடிவம் எடுத்தது. 1951இன் அகதிகள் சமவாயம் நாட்டை விட்டு ஓடியவரைப் பார்த்தது. 1954, 1961 சமவாயங்கள் நாடில்லாதவரைப் பார்த்தன. இலங்கையும் இந்தியாவும் இவற்றில் சேரவே இல்லை. ஒப்பந்தம் போட்டு அனுப்பப்பட்டவரைப் பார்க்கும் கண் எந்தப் பத்திரத்தில் இருந்தது?

வடக்கே போன பாதை

எல்லோரும் கப்பல் ஏறவில்லை. 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பிரிக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள்மேல் பொலிஸ் சுட்டது. சிவனு இலட்சுமணன் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நாடெங்கும் தமிழர்மேல் வன்முறை வெடித்தபோது கண்டி, மாத்தளைத் தோட்டங்களும் தப்பவில்லை. லயங்கள் எரிந்தன. கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வவுனியாப் பக்கம் போனார்கள்.

அங்கே வேறு மாதிரி ஓர் உதவியைப் பார்க்கிறோம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தியம் அமைப்பு, வந்தவர்களை முகாமில் அடைத்து வைக்கவில்லை. காணி, கிணறு, விதை, பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை என்று குடியேற்றங்களாக அமைத்தது. தமிழர் அகதிகள் புனர்வாழ்வுக் கழகமும் அந்தக் காலத்தில் உருவானதுதான். கண்டியிலோ, 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதய நிலையம் சிங்களவரையும் தமிழரையும் ஒரே மேசைக்குக் கூட்டி வந்து தோட்ட மக்களின் உரிமையைப் பேசியது. ஒப்பந்தத்தின் கணக்கு வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். இவர்கள் மக்களோடு உட்கார்ந்தார்கள்.

ஆனால் நல்ல மனமும் காணித் துண்டும் மட்டும் போதாது என்பதையும் அதே வரலாறு காட்டியது. 1983 ஏப்ரலில் காந்தியத் தலைவர்கள் கைதானார்கள். யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் டொலர் பாம், கென்ட் பாம் குடியேற்றங்களிலிருந்து மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டு, அந்த இடங்களில் சிங்களச் சிறைக் கைதிகள் குடியேற்றப்பட்டார்கள். அதே வருடம் நவம்பர் கடைசியில் புலிகள் அங்கே தாக்கிப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பலரைக் கொன்றார்கள். ஒரு அகதியின் காணியில் இன்னொரு ஏழையைக் கொண்டுவந்து வைத்து இரண்டு பேரையும் பலி கொடுத்த கதை அது. தப்பியவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு, இன்னொரு பகுதியினர் கிளிநொச்சிக்கு. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்ற ஊர்களில் மலையக வேர் உள்ள குடும்பங்கள் நிறைய இருந்தன. 2009இல் மெனிக் பாமில் நின்றவர்களில் அவர்களும் உண்டு. நாம் முதலில் சொன்ன அந்தக் கூடாரங்களுக்குள்ளேயே கண்டி இருந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

ஒரே முகாம், மூன்று பெயர்

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதற்குள் சுமார் 337,000 பேர் போய்விட்டார்கள், அவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால் நாலரை இலட்சத்துக்கும் மேல். இந்தியக் குடியுரிமை கிடைத்தும் போகாமல் சுமார் 84,000 பேர் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

இராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கம் தோட்டத்துக்கு வரும் ஆட்களை நோய் பார்த்து அனுப்ப அதை நடத்தியது. ஒப்பந்தத்துக்குப் பிறகு, திரும்பிப் போனவர்கள் இறங்கித் தங்கும் இடம் அதுதான். 1983க்குப் பிறகு அகதி முகாம். கூலி, தாயகம் திரும்பியவர், அகதி என மூன்று பெயரில் ஒரே வாசல். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை அந்த வாசலை மூன்று பெயரில் தாண்டியிருக்கலாம்.

1983க்குப் பிறகு ஓடிப்போன மலையகத்தாரை இந்தியச் சட்டம் 'சட்டவிரோதமாக வந்தவர்' என்றே பார்க்கிறது. ஒப்பந்தத்தின்படி எடுப்பதாக இந்தியா ஏற்றுக்கொண்ட அதே சனம்! 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, திருச்சிப் பக்க முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினரின் வழக்கில் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லி, அவர்களின் குடியுரிமை மனுவைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருடக் கடைசியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை என்ற பெயரே இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல மனத்தோடு செய்த மாற்றம்தான். ஆனால் பலகை மாறியது, உள்ளே இருப்பவரின் கடதாசி மாறவில்லை.

சரியாகச் செய்தால் பத்து நாள்

இவ்வளவையும் வாசித்துவிட்டு 'எல்லாம் பெரிய சிக்கல், ஒண்ணும் செய்ய முடியாது' என்று நினைக்க வேண்டாம். 1986, 1988 சட்டங்கள் பாதிக் கதவைத் திறந்தன. 2003இல் பாராளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பிறகு ஐ.நா. அகதிகள் முகவரகமும் அரசும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து மலையகம் முழுக்க இறங்கின. மக்களைக் கொழும்புக்குக் கூப்பிடவில்லை, தோட்டத்துக்குப் போனார்கள். பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை, எளிய ஒரு பிரகடனமே போதும் என்றார்கள். பத்தே நாளில் சுமார் 190,000 பேர் குடியுரிமை பெற்றார்கள்.

55 வருடம் 'சிக்கல்' என்று சொல்லி இழுத்தது பத்து நாளில் முடிந்தது. அப்படியானால் சிக்கல் மக்களிடம் எப்போதுமே இருக்கவில்லை. உதவியென்றால் என்னவென்று யாராவது எங்களிடம் கேட்டால் இந்தப் பத்து நாளைத்தான் காட்டுவோம். அள்ளிக்கொடுத்த காசைவிட, ஆளைத் தேடிப் போன கால்தான் அங்கே வேலை செய்தது.

இன்றைக்கு ஏன் இதைப் பேசுகிறோம்

பிரஜாவுரிமை வந்தது, காணி வரவில்லை. மலையகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிற்கும் நிலம் இன்னும் சொந்தமில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, தப்பியவர்கள் புதிய வீட்டுக்காக இரண்டு வருட அளவில் காத்திருந்தார்கள், பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டமும் மண்சரிவில் மாட்டியது. பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த குடும்பத்துக்கு உலர் உணவு வரும், உடுப்பு வரும். நாமும் மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு வருவது பெரிய கேள்வி: எங்கே திரும்பிப் போவது? சொந்த வீடு உடைந்தவருக்கு நட்டஈடு கேட்க ஓர் உறுதிப்பத்திரம் இருக்கிறது. லயத்து அறை உடைந்தவருக்கு என்ன இருக்கிறது? தோட்டத்தின் செக்ரோலில் ஒரு பேர். வேலையை விட்டவருக்கு அதுவும் இல்லை.

அதனால் அடுத்த முறை நிவாரணத்தைப் பற்றிப் பேசும்போது, நம்ம இளைஞர் குழுக்களிடம் நாங்கள் கேட்பது மூன்றே விசயம். ஒன்று, பட்டியல் எழுதும்போது வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற இரண்டு கட்டத்துக்குள் லயத்தை அடைக்காமல், காணியில்லாதவர் என்பதைத் தனியாக எழுதுங்கள், அப்படி எழுதினால்தான் பிரதேச செயலகத்தில் கேட்க முடியும். இரண்டு, அவர்களை வேறு இடத்தில் குடியமர்த்தும் பேச்சு எழும்பினால், யார் எந்த எண்ணிக்கையைச் சொன்னாலும், அந்தக் குடும்பங்களைக் கேட்டார்களா என்று முதலில் கேளுங்கள். 1964இல் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மூன்றாவது, உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். தகரப் பெட்டிக்குள் பழைய பாஸ்போட் இருக்கும், குடும்ப அட்டை இருக்கும், இராமேஸ்வரத்திலிருந்து வந்து பிறகு நின்றுபோன கடிதங்கள் இருக்கும். போனவர்கள் எந்த ஊர், எந்தத் திட்டம், கடைசியாக எந்த வருடம் கடிதம் வந்தது என்று எழுதி வையுங்கள். கூடலூரிலும் மண்டபத்திலும் யாரோ ஒரு பேரப்பிள்ளை, நீதிமன்றத்தில் காட்டுவதற்கு அந்த ஒரு கடதாசியைத்தான் தேடிக்கொண்டிருக்கலாம்.